பாதாமும் முக்கோணமும்: குவார்க்-குளுவான் திரவத்தின் பாகுநிலையை அளந்த கதை

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பதம் எப்படிப் பார்ப்பார்கள் என்று கவனித்திருப்பீர்கள். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், அதில் பாகு ஒரு சொட்டு, விரலால் திரட்டிப் பார்ப்பது. கரைந்து போனால் இன்னும் கொதிக்க வேண்டும், உருண்டு நின்றால் இறக்கிவிடலாம். கருவி எதுவும் கிடையாது, சொட்டு எடுக்கும் வடிவமே அளவு. பாயும் பொருளுக்குள் இருக்கும் உராய்வுக்குப் பாடப்புத்தகம் பாகுநிலை என்று பெயர் வைத்திருப்பதால் எனக்கு இந்த ஒப்புமை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவின் பாகுநிலையையும் கடைசியில் வடிவத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அணுக்கருக்கள் மோதும்போது பிறக்கும் அந்தப் பிளாஸ்மாச் சொட்டு எப்படிப்பட்டது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு மீட்டரைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் கோடியால் வகுத்தால் என்ன வருமோ, ஏறக்குறைய அதுதான் அதன் குறுக்களவு. ஆயுளைச் சொல்ல ஒரு நொடியைக் கோடியால் மூன்று முறை வகுத்து, அதையும் நூறால் வகுக்க வேண்டும், அந்த மாதிரி சில துணுக்குகள்தான் அது உயிரோடு இருக்கும். வெப்பநிலை லட்சம் கோடி கெல்வின் கணக்கில். சுமார் 1.8 லட்சம் கோடி கெல்வினுக்கு மேலே போனால் புரோட்டானும் நியூட்ரானும் தங்கள் வரம்பை இழந்து, உள்ளே அடைபட்டிருந்த குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கலந்து ஒரே பொருளாகிவிடும், அதுதான் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. பெருவெடிப்புக்குப் பிறகு முதல் சில மைக்ரோநொடிகளில் பிரபஞ்சம் முழுக்க இந்தப் பொருள்தான் இருந்தது.

இதற்குள் எந்தக் கருவியையும் விட முடியாது. சொட்டு ஆறிச் சிதறிய பிறகு ஆயிரக்கணக்கான துகள்கள் வந்து உணரிகளில் விழும், அவை எந்தத் திசையில் எவ்வளவு உந்தத்தோடு வந்தன என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, இல்லாமல் போன சொட்டு தண்ணீர் மாதிரி ஓடியதா தேன் மாதிரி இழுத்ததா என்று சொல்ல வேண்டும். இந்த வேலையைப் பல வருடம் முடக்கிப் போட்டது திரவத்தைப் பற்றிய அறியாமை என்று பலர் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது பிறந்த கணத்தில் என்ன வடிவத்தில் இருந்தது என்பதுதான் முடிச்சாக இருந்தது, அதை அவிழ்க்கும் நுனி எல்லோரும் இரைச்சல் என்று சராசரியில் கரைத்துவிட்ட ஒன்றுக்குள் கிடந்தது.

அப்பளமும் பாதாமும்

இடம், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம். அங்கே 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ரிக் என்ற முடுக்கி வளையத்தில் 2000 ஜூன் மாதம் தங்க அணுக்கருக்களை எதிரெதிராக மோதவிட ஆரம்பித்தார்கள். தங்கத்தின் கருவில் 79 புரோட்டான், 118 நியூட்ரான், மொத்தம் 197 நியூக்ளியான்கள். முதல் ஆண்டில் ஒரு நியூக்ளியான் இணைக்கு 130 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல், மறு ஆண்டு 200. இந்த வேகத்தில் வரும் கரு, சார்பியல் விதிப்படி ஓடும் திசையில் நூறு மடங்கு சுருங்கிவிடும். அதாவது உருண்டை உருண்டையாக வருவதில்லை, அப்பளம் மாதிரி வருகிறது.

இரண்டு அப்பளங்கள் நேருக்கு நேர் அச்சுப் பிசகாமல் மோதுவது அபூர்வம். பெரும்பாலும் கொஞ்சம் விலகித்தான் மோதும். ஒன்றன்மேல் ஒன்று பட்ட பகுதி மட்டும் சூடாகித் திரவமாகும், பாக்கி அப்படியே பறந்து போய்விடும். ஒரு அப்பளத்தின் மேல் இன்னொன்றைச் சற்றே நகர்த்தி வைத்துப் பாருங்கள், நடுவில் பட்டுக்கொள்ளும் பகுதி பாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும்.

உள்ளே இருப்பது ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாத துகள்களின் வாயு என்றால் பாதாமாக இருந்தாலும் வட்டமாக இருந்தாலும் ஒன்றுதான், துகள்கள் பிறந்த திசையிலேயே போய்க்கொண்டிருக்கும், எல்லாத் திசையிலும் சம எண்ணிக்கையில் வந்து விழும். திரவமாக இருந்தால் கதை வேறு. நடுவில் அழுத்தம் உச்சம், வெளியே வெற்றிடம், அழுத்தம் சுழி. பாதாமின் குறுகிய பக்கத்தில் அந்த உச்சத்திலிருந்து சுழிக்குக் கொஞ்ச தூரத்திலேயே இறங்க வேண்டியிருப்பதால் அங்கே சரிவு செங்குத்து, தள்ளல் அதிகம். எனவே குறுகிய பக்கமாகத் துகள்கள் கூடுதலாகவும் வேகமாகவும் வரும். பிறப்பில் இருந்த வடிவக் கோணல் கடைசியில் உந்தக் கோணலாக மாறி நம்மிடம் வந்து சேர்கிறது. இந்தக் கோணலைத் தேடலாம் என்று பிரான்ஸைச் சேர்ந்த ஷான்-ஈவ் ஒலித்ரோ 1992-லேயே எழுதிவிட்டார். இதற்கு நீள்வட்டப் பாய்வு என்று பெயர், எண்ணாகச் சொல்லும்போது வி2 என்பார்கள்.

பாகுநிலை இதில் எங்கே வருகிறது? பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது ஒன்றையொன்று பிடித்து இழுத்து வேகத்தைச் சமன்படுத்துவதுதான் பாகுநிலை. அது கூடினால் கோணல் மழுங்கும், வி2 குறையும். ஆக, தொடக்க வடிவம் தெரிந்து, கடைசி வி2-வும் தெரிந்தால், நடுவில் எவ்வளவு மழுங்கியது என்று கணக்குப் போட்டுப் பாகுநிலையைச் சொல்லிவிடலாம். சொல்லக் கேட்க எளிது.

அளப்பதிலும் வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு மோதலிலும் (துகள் இயற்பியலில் ஒரு மோதலைத்தான் நிகழ்வு என்கிறார்கள்) பாதாம் வேறு வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வை யாரும் வந்து சொல்லப் போவதில்லை. துகள்களில் ஒரு பகுதியை வைத்துச் சாய்வை ஊகித்து, மீதியை வைத்துக் கோணலை அளந்து, ஊகத்தின் தெளிவின்மைக்குத் திருத்தம் போட வேண்டும். அப்புறம் ஒரே துகள் சிதைந்து பிறந்த இரண்டு துகள்கள் இயல்பாகவே சேர்ந்தே போகும், அதற்கும் திரவத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த மாதிரிப் போலி உறவுகளைக் கழிக்க, இரண்டிரண்டாகப் பார்க்காமல் நான்கு நான்கு துகள்களாகச் சேர்த்துப் பார்க்கும் முறை 2001-ல் வந்தது.

ரிக் வளையத்தில் உணரி வைத்திருந்த குழுக்களில் ஒன்றான ஸ்டார், முதல் சில மாதத் தரவிலேயே, வெறும் 22,000 நிகழ்வுகளை வைத்து வி2-வை வெளியிட்டது. ஓரளவு விலகிய மோதல்களில் சுமார் 6 சதவீதம் வரை போனது. ஆறு என்றால் சின்ன எண்ணாகத் தோன்றும், ஆனால் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் குறுகிய பக்கமாக வரும் துகள்களின் எண்ணிக்கை, நீண்ட பக்கத்தைவிட ஏறக்குறைய 27 சதவீதம் அதிகம். இதைவிட முக்கியம், பாகுநிலையே இல்லாத இலட்சியத் திரவத்துக்குப் போட்ட கணக்கோடு இது ஒத்துப்போனது. கன புரோட்டானுக்கும், மோதலில் ஏராளமாகப் பிறக்கும் லேசான பயான் என்ற துகளுக்கும் வி2 எந்த வரிசையில் வேறுபட வேண்டுமோ அந்த வரிசையிலும் வேறுபட்டது. பலரும் எதிர்பார்த்திருந்தது வாயுவை. ஆற்றல் ஏற ஏற குவார்க்குகளின் பிணைப்பு தளரும் என்பது 1973-லிருந்து தெரிந்த விதி, அதனால் இவ்வளவு சூட்டில் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் திரியும் என்று நினைத்திருந்தார்கள்.

அறிவிப்பு முந்தியது, எண் பிந்தியது

2005 ஏப்ரல் 18 அன்று புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், அமெரிக்க இயற்பியல் சங்கக் கூட்டத்தில், ரிக்கின் நான்கு சோதனைகளும் சேர்ந்து தாங்கள் கண்டது கிட்டத்தட்ட 'முழுநிறைத் திரவம்', அதாவது உள் உராய்வே இல்லாமல் ஓடும் திரவம், என்று அறிவித்தன. செய்தித்தாள்கள் கொண்டாடின. என் கருத்தில் அந்த அறிவிப்பு தவறில்லை, ஆனால் அந்த நாளில் பாகுநிலைக்கு ஒரு எண்ணும், அது எவ்வளவு தவறலாம் என்ற பிசகும் யாரிடமும் இல்லை. இலட்சியத் திரவக் கணக்கோடு பொருந்துகிறது என்பது வேறு, பாகுநிலை இவ்வளவு என்பது வேறு.

இந்த இடத்தில் பலரும் தடுமாறும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். குவார்க்-குளுவான் பிளாஸ்மாவின் பாகுநிலையைச் சாதாரண அலகில், பாஸ்கல் நொடியில் எழுதினால் சுமார் 10 ஆயிரம் கோடி வரும். நீருக்கு அது ஆயிரத்தில் ஒன்று. அதாவது இந்த 'முழுநிறைத் திரவம்' நீரைவிட நூறு லட்சம் கோடி மடங்கு கெட்டி! ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927 முதல் ஒரு புனலில் நிலக்கீல் வைத்து, சொட்டுக்கு எட்டு, பத்து வருடம் என்று காத்திருக்கிறார்களே, அந்தக் கீலைவிடவும் இது நூற்றுக்கணக்கான மடங்கு கெட்டி. பிறகு எப்படி நன்றாக ஓடுகிறது? ஒரு பொருள் எவ்வளவு லாவகமாக ஓடும் என்பதைப் பாகுநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை, இழுக்கும் உராய்வுக்கு எதிராகத் தள்ளும் நிலைமம் எவ்வளவு என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இந்தப் பொருளில் ஆற்றல் அடர்த்தியும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) அடர்த்தியும் அவ்வளவு பிரம்மாண்டமானவை. அதனால்தான் பாகுநிலையை என்ட்ரோபி அடர்த்தியால் வகுத்து வரும் விகிதத்தை எல்லோரும் பேசுகிறார்கள். இனி நானும் விகிதம் என்றால் இதைத்தான் சொல்கிறேன்.

அந்த விகிதத்துக்கு ஒரு அடிமட்டக் குறியும் 2005-ல் கிடைத்திருந்தது. கோவ்டுன், சோன், ஸ்டாரினெட்ஸ் என்ற கோட்பாட்டு இயற்பியலாளர்கள் மூவரும், கருந்துளைக் கணக்கின் வழியாக அணுகக்கூடிய ஒரு வகைக் கோட்பாடுகளில் விகிதம் எப்போதும் 1/4பை, அதாவது குவாண்டம் அலகில் சுமார் 0.08 என்று காட்டி, இயற்கையில் எந்தத் திரவமும் இதற்குக் கீழே போகாது என்று ஊகித்தார்கள். அறை வெப்பநிலை நீர் இந்தக் குறிக்கு 380 மடங்கு மேலே நிற்கிறது, ஹீலியம் தன் மிகக் குறைந்த நிலையிலும் 9 மடங்கு மேலே. அந்தக் கருந்துளைக் கோட்பாடு நம் குவார்க்குகளின் கோட்பாடு இல்லை என்பதை மறக்கக் கூடாது, பிளாஸ்மாவின் விகிதம் இதற்குப் பக்கத்தில் வந்தால், அந்தக் கருந்துளைக் கணக்கு பிறந்த இழைக் கோட்பாடு (ஸ்ட்ரிங் தியரி) நிரூபணமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒப்பிட ஒரு கோடு வேண்டும், அது கிடைத்தது.

எண் வரத் தாமதமானதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பாகுநிலைக்கு நாம் கல்லூரியில் படிக்கும் சமன்பாட்டை அப்படியே சார்பியலுக்கு மாற்றினால் ஒளியைவிட வேகமாகச் செய்தி போகும், கணக்கு வெடித்துச் சிதறும். வெர்னர் இஸ்ரேலும் ஜான் ஸ்டூவர்ட்டும் 1979-ல் கொடுத்த திருத்திய வடிவத்தைக் கணினியில் ஏற்றி, ரிக் தரவோடு ஒப்பிட்டு, பால் ரோமாட்ச்கேயும் உல்ரிகே ரோமாட்ச்கேயும் 2007-ல்தான் விடையை வெளியிட்டார்கள். அதன் பிறகு ஒரு சங்கடம் முழுசாக வெளியே வந்தது.

தொடக்கத்தில் அந்தப் பாதாம் எவ்வளவு ஒடுங்கியது? இதற்கு இரண்டு மாதிரிகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று, நியூக்ளியான்களைத் தனித்தனி உருண்டைகளாக வைத்து எவை எவற்றோடு மோதின என்று எண்ணுவது. இன்னொன்று, வேகமாக வரும் கருவில் குளுவான்கள் செறிந்து நெரிசலாகி நிற்கின்றன என்ற கோட்பாட்டிலிருந்து வருவது. இரண்டாவதில் பாதாம் கூடுதலாக ஒடுங்கியிருக்கும். முதலாவதை வைத்தால் விகிதம் 0.08, இரண்டாவதை வைத்தால் 0.16 என்று 2008-ல் லுசுமும் பால் ரோமாட்ச்கேயும் காட்டினார்கள். அதிகக் கோணலோடு பிறந்து அதிகமாக மழுங்கியதா, குறைந்த கோணலோடு பிறந்து குறைவாக மழுங்கியதா? வி2 ஒன்றை மட்டும் வைத்து இதைப் பிரிக்கவே முடியாது. இரண்டு மடங்கு வித்தியாசம், அதுவும் தரவு எவ்வளவு சேர்ந்தாலும் குறையாத வித்தியாசம்.

தூக்கி எறிந்த முக்கோணம்

இனி வருவதுதான் இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ரிக்கில் இன்னொரு புதிர் ஓடிக்கொண்டிருந்தது. உந்தம் அதிகமுள்ள ஒரு துகளைப் பிடித்துக்கொண்டு மற்றத் துகள்கள் அதிலிருந்து எத்தனை டிகிரி விலகி வருகின்றன என்று வரைந்து, அதில் வி2-ஆல் வரும் பங்கைக் கழித்தால், மிச்சத்தில் விசித்திரமான மேடுகள் தெரிந்தன. பிடித்த துகளின் பக்கத்தில் நீளமான ஒரு முகடு. எதிர்ப்பக்கத்தில் 180 டிகிரியில் ஒரு மேடு இருக்க வேண்டிய இடத்தில் இருபுறமும் விலகி 120, 240 டிகிரி வாக்கில் இரட்டை மேடு. ஒலியைவிட வேகமாகப் போகும் விமானம் கூம்பு வடிவ அதிர்ச்சி அலை எழுப்புவது மாதிரி, வேகமான குவார்க் திரவத்தைக் கிழித்துக்கொண்டு போகும்போது எழுப்பும் கூம்புதான் இது என்று பல கட்டுரைகள் வந்தன. கூம்பின் கோணத்திலிருந்து திரவத்தில் ஒலியின் வேகத்தையே கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. உழைத்தவர்கள் சாமானியர்கள் இல்லை, விளக்கமும் அழகாகத்தான் இருந்தது.

சுழி, 120, 240. இந்த மூன்று எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் முக்கோணம் தெரிகிறது. அப்போது ஏன் யாருக்கும் தெரியவில்லை? முக்கோணக் கோணல் இருக்கவே முடியாது என்று எல்லோரும் படித்திருந்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு கருக்கள் மோதினால் பாதாம் சமச்சீரானது, எனவே மூன்று, ஐந்து போன்ற ஒற்றைப்படைக் கோணல்கள் சுழியாகத்தான் இருக்கும். சராசரிப் பாதாமுக்கு இது நூறு சதவீதம் சரி. ஆனால் மோதுவது சராசரிப் பாதாம் இல்லையே! 197 நியூக்ளியான்கள் அந்தக் கணத்தில் எங்கெங்கே இருந்தனவோ அப்படியே உறைந்து மோதுகின்றன, ஒவ்வொரு நிகழ்விலும் கட்டியும் குழியுமாக வேறு ஒரு வடிவம். சிலவற்றில் முக்கோணச் சாயல் இருந்தே தீரும்.

தடயங்கள் முன்னாலேயே இருந்தன. தாமிரக் கருக்களை மோதவிட்டபோது, கிட்டத்தட்ட நேருக்கு நேரான மோதல்களில்கூட எதிர்பாராத அளவு வி2 வந்ததை ரிக்கின் இன்னொரு குழுவான ஃபோபோஸ் பார்த்திருந்தது, சிறிய கருவில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியும் என்று விளக்கமும் சொன்னது. புவனேசுவரத்திலுள்ள இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழு 2008-ல், பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கங்களைப் படிப்பது போலவே இங்கேயும் எல்லாக் கோணல்களையும், ஒற்றைப்படை உட்பட, ஒன்றுவிடாமல் அளக்க வேண்டும் என்று எழுதியது. பிரேசில் குழு ஒன்று 2009-ல் கட்டி முட்டியான தொடக்கத்தைத் திரவக் கணக்கில் போட்டு அந்த முகட்டை வரவழைத்துக் காட்டியது. 2010-ல் புராக் ஆல்வரும் குந்தர் ரோலண்டும் முடிச்சை அவிழ்த்தார்கள்: முகடும் இரட்டை மேடும் தனித்தனி அதிசயங்கள் இல்லை, இரண்டும் சேர்ந்து ஒரே முக்கோணப் பாய்வு, வி3. அதிர்ச்சி அலைக் கூம்பு தேவைப்படவே இல்லை. பல வருடம் பின்னணியாகக் கழித்துக் கழித்து விட்டதில் மிச்சமிருந்தது சமிக்ஞைதான்.

வி3 வந்ததும் பழைய இரு மடங்குச் சண்டை தீர்ந்துபோனது. எப்படி என்றால், இரண்டு தொடக்க மாதிரிகளும் பாதாமின் ஒடுக்கத்தில் வேறுபட்டாலும், முக்கோணச் சாயலில் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் தருகின்றன, ஏனென்றால் அது நியூக்ளியான்கள் தற்செயலாக நின்ற இடத்திலிருந்து வருகிறது. அதே நேரம் பாகுநிலை, நுணுக்கமான வடிவங்களைக் கூடுதலாக அழிக்கும், இரண்டைவிட மூன்றை, மூன்றைவிட நான்கை. எனவே 0.16 என்று வைத்து வி2-வைச் சரிக்கட்டிய மாதிரி, வி3-யில் தரவுக்குக் கீழே விழுந்தது. ரிக்கின் ஃபீனிக்ஸ் குழு 2011-ல் இதை அளந்தே காட்டியது. ஐரோப்பிய ஆய்வகமான செர்னின் எல்எச்சி என்ற பெரிய முடுக்கியில் 2010 நவம்பரில் ஈயக் கருக்கள் மோத ஆரம்பித்திருந்தன, அங்கிருக்கும் ஆலிஸ் குழுவும் அதே 2011-ல் உயர் கோணல்களை அளந்து வெளியிட்டது. ஒரு கோணலுக்கு ஒரு மாதிரியைப் பொருத்திவிடலாம், அடுத்தடுத்த கோணல்களுக்கும் ஒரே பாகுநிலையில் பொருத்துவது வேறு விஷயம்.

இப்போதைய எண்

2011-ல் சோங், ஹைன்ஸ் முதலானோரின் கணக்கு, ரிக் திரவத்தின் விகிதம் அடிமட்டக் குறிக்கு 1 முதல் 2.5 மடங்குக்குள் என்றது. 2013-ல் ஷெங்கே, வேணுகோபாலன் முதலானோர், குளுவான் நெரிசலையும் நிகழ்வுக்கு நிகழ்வு மாறும் கட்டி முட்டிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, ரிக்கில் 0.12, எல்எச்சியில் 0.2 என்று சராசரி மதிப்பு சொன்னார்கள். எல்எச்சியில் திரவம் சூடு அதிகம், எனவே வெப்பநிலையோடு விகிதம் கூடுகிறது என்று இதைப் படிக்கலாம்.

2019-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு செய்ததுதான் நியாயமான வழி என்பேன்: எந்த ஒரு தொடக்க வடிவத்தையும் நம்பித் தொடங்காமல், தொடக்க வடிவத்தையும் பாகுநிலையையும் இன்னும் பல தெரியாத எண்களையும் ஒன்றாகத் தளரவிட்டு, ஆலிஸின் ஈய மோதல் தரவை வைத்து எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று பேயஸ் முறையில் கணக்கிட்டார்கள். வந்த விடை, நிலை மாறும் வெப்பத்துக்கு அருகே விகிதத்தின் குறைந்தபட்சம் 0.085, இருபக்கமும் சுமார் 0.025 பிசகு. 0.08 என்ற குறி அதற்குள்ளேயே இருக்கிறது. 2005-ல் எண்ணில்லாமல் சொன்னதற்குப் பதினான்கு வருடம் கழித்து, பிசகோடு கூடிய ஒரு எண்.

மற்றப் பண்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலகி மோதும்போது திரவம் சுழலவும் செய்கிறது, மோதலில் பிறக்கும் லாம்டா என்ற துகள்களின் தற்சுழற்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து ஸ்டார் குழு 2017-ல் சுழல் வேகத்தை நொடிக்கு 900 கோடி லட்சம் கோடி அளவில் மதிப்பிட்டது, அறியப்பட்ட திரவங்களில் இதுவே உச்சம். கூம்பை வைத்துக் காண ஆசைப்பட்ட ஒலியின் வேகமும் 2024-ல் வேறு வழியில் கிடைத்தது: மிக நேரான மோதல்களில் துகள் எண்ணிக்கை கூடும்போது சராசரி உந்தம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, ஒலி வேகத்தின் இருபடி ஒளி வேகத்தின் இருபடியில் 0.241 பங்கு என்று எல்எச்சியின் சிஎம்எஸ் குழு சொன்னது. அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து நேரடியாகப் போட்ட கணினிக் கணக்கோடு அது ஒத்துப்போகிறது.

சரி, இத்தனை துகள்கள் இருந்தால்தான் திரவமா? ரிக்கிலேயே தங்கக் கருவின்மேல் ஒரு புரோட்டானையும், இரண்டு நியூக்ளியான் கொண்ட டியூட்ரானையும், மூன்று கொண்ட ஹீலியம்-3-ஐயும் மோதவிட்டுப் பார்த்தார்கள். அதாவது ஏறக்குறைய வட்டமாகவும், நீள்வட்டமாகவும், முக்கோணமாகவும் வேண்டுமென்றே தொடங்கிவைத்த சொட்டுகள். ஹீலியம்-3-க்கு வி3 அதிகம் வந்ததாக ஃபீனிக்ஸ் குழு 2019-ல் வெளியிட்டது. சின்னச் சொட்டில் திரவக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, ஓயவும் கூடாது.

இப்போது கேள்வி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. வடிவம் தெரியாததால் திரவத்தை அளக்க முடியாமல் தவித்தவர்கள், திரவம் ஓரளவு தெரிந்துவிட்டதால் அதை வைத்துக் கருவின் வடிவத்தை அளக்கிறார்கள். யுரேனியம்-238 கரு எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை ஸ்டார் குழு 2024-ல் இப்படித்தான் படம் பிடித்தது. 2025 ஜூலையில் எல்எச்சி சில நாட்களுக்கு ஆக்சிஜனை ஆக்சிஜனோடும், நியானை நியானோடும் மோதவிட்டது. 16 நியூக்ளியான், 20 நியூக்ளியான், அவ்வளவுதான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சொட்டுகள், எனவே ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் பாகுநிலையின் பங்கு பெரும்பாலும் அடிபட்டுப் போய், வடிவத்தின் பங்கு மட்டும் மிஞ்சும். நியான் கரு ஒருபுறம் புடைத்து நீண்டது என்று அணுக்கருக் கோட்பாட்டினர் முன்பே சொல்லியிருந்தார்கள். நேரான மோதல்களில் நியானின் வி2 ஆக்சிஜனைவிட அதிகமாக வந்திருக்கிறது, திரவக் கணக்கு சொன்ன பக்கமாகவே.